கேள்வி பதில்: கணினி அறிவியலில் முதுநிலைப் படிப்பு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினி அறிவியல் மேற்படிப்பைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், அவற்றுள் ஐந்தைத் தேர்ந்தெடுத்து விடையளித்துள்ளோம்.

கேள்வி: பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். வளாக நேர்காணலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு எம்.டெக். படிக்க விருப்பம். "கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு மறுபடியும் படிப்பா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன செய்வது?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான்; அதற்கு நீங்கள் முதலில் உங்களிடமே விடை பெற்றாக வேண்டும். கூடுதல் சம்பளம் ஒன்றே நோக்கமென்றால், இரண்டாண்டுகள் ஒழுங்காக வேலை பார்த்தவருக்கும் இரண்டாண்டுகள் படித்துவிட்டு வந்தவருக்கும் சாதாரண மென்பொருள் பணிகளில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. மாறாக, நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எப்படி எழுதப்படுகிறது, ஆயிரம் கணினிகளில் பரந்து கிடக்கும் ஒரு தரவுத்தளம் எப்படிப் பிசகாமல் இயங்குகிறது என்பன போன்றவற்றைத் தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்ததோடு விட்டுவிட்டோமே என்ற குறை உங்களுக்கு உண்டென்றால், அதைத் தீர்த்துக்கொள்ள நல்ல ஆசிரியர்கள் உள்ள இடத்தில் இரண்டாண்டுகள் செலவிடுவது வீண் அல்ல.

நல்வாய்ப்பாக, இரண்டில் ஒன்றை இன்றே கைவிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வின் மதிப்பெண், முடிவு வெளியான நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குச் செல்லும். ஆகவே வரும் பிப்ரவரியில் தேர்வை எழுதிவிட்டு, வேலையில் சேர்ந்து, அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அந்த மதிப்பெண்ணைக் கொண்டே விண்ணப்பிக்கலாம். வேலைக்குச் சென்ற பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தனிநிலைக் கணிதமும் (டிஸ்கிரீட் மேத்ஸ்) தானியங்கிக் கோட்பாடும் (ஆட்டோமேட்டா தியரி) அலுவலகத்தில் ஒருபோதும் எதிர்ப்படாத பாடங்கள். ஓராண்டில் முற்றிலும் மறந்துபோகும். வேலையில் சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

தேர்வு மூன்று மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள். இதில் பொதுத் திறனுக்கு மட்டும் 15 மதிப்பெண்கள் உண்டு. பலர் இதை அலட்சியம் செய்து தரவரிசையில் பின்தங்குகிறார்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் தவறான விடைக்கு, அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள வினாக்களிலும், எண்ணை விடையாகத் தட்டச்சு செய்ய வேண்டிய வினாக்களிலும் இந்தக் கழிவு இல்லை.

தேர்ச்சி பெற்ற பின்னும் ஒரு சிக்கல் உண்டு. ஐ.ஐ.டி.க்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மேல், இடம் கிடைத்தால் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் 'கோவாப்' என்ற பொதுத் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். என்.ஐ.டி.க்களுக்கு 'சி.சி.எம்.டி.' என்னும் வேறொரு கலந்தாய்வு நடக்கிறது. பொதுத் தளத்தில் பதிந்தாலே போதும் என்று நினைத்துத் தனி விண்ணப்பத்தைத் தவறவிட்டால், நல்ல மதிப்பெண் இருந்தும் அந்த ஆண்டு வீணாகும்.

வீட்டாரிடம் சொல்வதற்கு ஒரு செய்தி: கேட் மதிப்பெண்ணின் அடிப்படையில் முழுநேர எம்.டெக். சேருபவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வழங்கும் முறை உள்ளது. அதற்கு ஈடாக வாரம் எட்டு மணி நேரம் அளவில் ஆய்வகத்திலோ விடைத்தாள் திருத்துவதிலோ பேராசிரியருக்கு உதவ வேண்டியிருக்கும். சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான்; ஆனால் விடுதிச் செலவுக்கு வீட்டை எதிர்பார்க்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கும்.

ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால், எம்.டெக். மட்டுமல்லாமல் சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.எஸ். படிப்பையும் கருத்தில் கொள்ளுங்கள். அதில் வகுப்புப் பாடங்கள் குறைவு, ஆய்வேடுதான் முதன்மை. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு; முடிக்க இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகலாம். நேர்காணலில் பத்துப் பாடங்களை மேலோட்டமாகச் சொல்பவரைவிட, இரண்டு பாடங்களை அடி வரை தெரிந்தவருக்கே மதிப்பு அதிகம்.

கேள்வி: பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். நான் கேட் எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர முடியுமா? எம்.சி.ஏ., எம்.எஸ்சி. இரண்டில் எது நல்லது?
(வாசகி, தருமபுரி)

பதில்: கேட் எழுதுவதற்கும் எம்.டெக். சேர்வதற்கும் தகுதி விதிகள் வேறு வேறு. மூன்றாமாண்டு இளநிலை மாணவர் எவரும் தேர்வை எழுதலாம் என்பதால் நீங்களும் அடுத்த ஆண்டு எழுதலாம், ஆனால் எம்.டெக். சேர்க்கைக்குப் பொதுவாக நான்காண்டுப் பட்டமோ முதுநிலைப் பட்டமோ தேவை. ஆகவே உங்களுக்கு நேர்வழி முதலில் எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்சி.; அதன் பிறகும் விருப்பம் இருந்தால், அப்பட்டங்களை ஏற்கும் நிறுவனங்களில் எம்.டெக்.

வேலைதான் நோக்கமென்றால் எம்.சி.ஏ. பொருத்தமானது. 2020-21 கல்வியாண்டு முதல் அது இரண்டாண்டுப் படிப்பாகச் சுருக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் துறைகளிலும் அதன் இணைப்புக் கல்லூரிகளிலும் சேர 'டான்செட்' எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றில் சேர 'நிம்செட்' எழுத வேண்டும். அதற்கு இளநிலையில் கணிதமோ புள்ளியியலோ பாடமாக இருந்திருக்க வேண்டும். நிம்செட்டில் மதிப்பெண்ணின் பெரும்பங்கு கணிதத்துக்கே செல்கிறது. கணினிப் பகுதி சிறியது. பி.சி.ஏ. மாணவர்கள் பலர் இதை அறியாமல், நிரலாக்கத்தையே படித்துக்கொண்டு போய்த் தேர்வறையில் திகைக்கிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி., எம்.சி.ஏ. இரண்டும் உண்டு, அங்குச் சேர்க்கை 'கியூட்' முதுநிலைத் தேர்வின் வழியாக நடைபெறுகிறது.

உங்களுக்குக் கணிதம் உண்மையிலேயே பிடிக்குமென்றால், சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தை அறிந்துகொள்ளுங்கள். நம் மாணவர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி. கணினி அறிவியலிலும் தரவு அறிவியலிலும் அங்கு எம்.எஸ்சி. உண்டு, தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறார்கள். கணினி அறிவியல் தேர்வில் தருக்கமும் சேர்மானவியலும் (காம்பினேட்டரிக்ஸ்) வழிமுறைகளும் (அல்காரிதம்) மிகுதி. பாடப்புத்தகத்தில் உள்ளதை அப்படியே கேட்கும் வினாக்களை எதிர்பார்க்க வேண்டாம். பழைய வினாத்தாள்கள் அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். அவற்றுள் ஒன்றை எடுத்து உட்காருங்கள். விடை வராவிட்டாலும் வினா உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், நீங்கள் அந்த இடத்துக்கு உரியவர்.

தமிழ் வழிக் கல்வி இதற்கெல்லாம் தடை அன்று. ஆங்கிலத்தில் உள்ள பாடநூலைத் தொடர்ந்து படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி மட்டும் வேண்டும். அதற்கு உங்களுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது.

கேள்வி: இயந்திரவியல் படித்துவிட்டு நான்காண்டுகளாக மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். கணினி அறிவியலில் எம்.டெக். சேர முடியுமா?
(வாசகர், சென்னை)

பதில்: முடியும். கேட் தேர்வில் நீங்கள் படித்த பாடத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதி இல்லை. கணினி அறிவியல் தாளை எழுதி, பிற பொறியியல் பிரிவினரையும் ஏற்கும் நிறுவனங்களில் விண்ணப்பிக்கலாம். எந்தெந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அவரவர் சேர்க்கைக் கையேட்டைப் பாருங்கள். நீங்கள் படிக்கத் தொடங்க வேண்டிய இடம் நிரலாக்கம் அன்று. அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தனிநிலைக் கணிதம், கணிமைக் கோட்பாடு, கணினிக் கட்டமைப்பு ஆகிய மூன்றுமே உங்களுக்குப் புதியவை.

கேள்வி: என் மகன் பி.இ. முடிக்கப் போகிறான். ஜெர்மனியில் எம்.எஸ். இலவசம் என்று ஒரு முகவர் சொல்கிறார். அவனுடைய நண்பர்களோ அமெரிக்காதான் நல்லது என்கிறார்கள். எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு மட்டுமே உண்டு. கடன் வாங்கி அனுப்பலாமா?
(வாசகி, கரூர்)

பதில்: அம்மா, இலவசம் என்ற சொல்லை முகவர் பாதிதான் விளக்கியிருக்கிறார். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஒவ்வொரு செமஸ்டருக்கும் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும் கட்ட வேண்டும். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து அத்தகைய மாணவர்களுக்குக் கட்டணம் விதித்துள்ளது. முதுநிலைப் படிப்புகளுக்கு அது செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ.

வாழ்க்கைச் செலவு வேறு. விசாவுக்கு முன், ஓராண்டுச் செலவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாதந்தோறும் ஒரு பகுதியாக அந்தப் பணம் உங்கள் மகனுக்கே திரும்பக் கிடைக்கும் என்றாலும், தொடக்கத்தில் மொத்தமாகப் புரட்டியாக வேண்டும். இந்திய மாணவர்கள் தங்கள் சான்றிதழ்களை 'ஏ.பி.எஸ்.' அலுவலகத்தில் சரிபார்த்துச் சான்று பெறுவதும் 2022 நவம்பர் முதல் கட்டாயம்.

மதிப்பெண்ணை அவர்கள் கணக்கிடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கு 1 என்பது மிக உயர்ந்தது, 4 என்பது தேர்ச்சி எல்லை. உங்கள் மகனின் சராசரி 10க்கு 8, தேர்ச்சிக்கு வேண்டியது 5 என்று கொண்டால், 10இலிருந்து 8ஐக் கழித்து, அதை 10க்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாடான 5ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்ட வேண்டும், விடை 2.2. பல துறைகள் 2.5க்கு உட்பட்டவர்களைத்தான் எதிர்பார்க்கின்றன. அத்துடன், அவன் படித்த பாடங்கள் அங்குள்ள இளநிலைப் பாடங்களோடு எந்த அளவு பொருந்துகின்றன என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். கணிதமும் கோட்பாட்டுக் கணினியியலும் குறைந்தால், நல்ல மதிப்பெண் உள்ளவருக்கும் இடம் மறுக்கப்படுவது உண்டு. படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும், பகுதிநேர வேலைக்கும் பின்னர் முழுநேர வேலைக்கும் ஜெர்மன் மொழி வேண்டியிருக்கும். படிப்பு முடிந்த பின் வேலை தேட 18 மாதங்கள் தங்க அனுமதி உண்டு.

அமெரிக்காவில் கட்டணம் மிக அதிகம். படிப்பு முடிந்தபின் 12 மாதங்களும், கணினி அறிவியல் போன்ற பாடங்களுக்கு மேலும் 24 மாதங்களும் அங்கு வேலை செய்யும் அனுமதி கிடைக்கும். அதற்குப் பின் தேவைப்படும் எச்-1பி என்னும் வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்களும், அந்நாட்டில் முதுநிலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்களும்தான். விண்ணப்பங்கள் அதைவிடப் பன்மடங்கு வருவதால், திறமையிருந்தும் தேர்வாகாமல் போகலாம். விதிகளும் அண்மைக்காலத்தில் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே, "மூன்றாண்டு சம்பாதித்துக் கடனை அடைத்துவிடுவான்" என்று நண்பர்கள் போடும் கணக்கை நம்பி, இருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்த வரம்பையும் உங்கள் சேமிப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஜெர்மனி எட்டக்கூடும், அமெரிக்கா எட்டாது. மகன் கேட் தேர்வையும் எழுதி வைக்கட்டும். உள்நாட்டில் நல்ல இடம் கிடைத்துவிட்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது. முகவரைப் பொறுத்தவரை, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பம் முழுவதையும் மாணவரே நிரப்ப முடியும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: வேலையை விடாமல் அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ முதுநிலைப் பட்டம் பெறலாமா? பின்னாளில் ஆசிரியர் பணிக்குச் செல்லும் எண்ணமும் உண்டு.
(வாசகர், விருதுநகர்)

பதில்: எம்.சி.ஏ. பெறலாம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் தொலைநிலையில் அதை நடத்துகின்றன. எம்.டெக்.கை அஞ்சல் வழியில் தருவதாக யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பொறியியல் பட்டங்களை அஞ்சல் வழியில் வழங்கியதை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் ஏற்க மறுத்துவிட்டது. பணியில் இருப்பவர்களுக்கென்று பிலானி பிட்ஸ் நிறுவனம் நடத்தும் எம்.டெக். வேறு வகையைச் சேர்ந்தது. அதில் நீங்கள் பார்க்கும் வேலையே படிப்பின் ஒரு கூறாகக் கொள்ளப்படுகிறது.

வெளிநாட்டுப் பட்டம்தான் வேண்டுமென்றால், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014 முதல் நடத்திவரும் இணையவழி முதுநிலைப் படிப்பு குறிப்பிடத்தக்கது. பத்துப் பாடங்கள், மொத்தக் கட்டணம் 10,000 டாலருக்கும் குறைவு. சேருவது ஒப்பீட்டளவில் எளிது, முடிப்பது கடினம். அலுவலகம் முடிந்த இரவுகளும் வார இறுதிகளும் வீட்டுப்பாடத்துக்கே போகும்.

ஆசிரியர் பணி என்றால் எந்த நிலையில் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக, முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் 'நெட்' அல்லது 'செட்' என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநராக, முதுநிலைப் பட்டத்துடன் பி.எட். தேவை. பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் துறைக்கு பி.இ., எம்.இ. என்ற வரிசையையே பெரிதும் எதிர்பார்க்கிறார்கள். எதுவானாலும், தொலைநிலைப் படிப்புக்குக் கட்டணம் செலுத்துவதற்கு முன், அந்தப் பாடத்துக்கும் அந்தக் கல்வியாண்டுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் அளித்திருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு இணையவழிப் பட்டத்தை அரசுப் பணிக்குக் காட்ட எண்ணினால், அது இந்தியப் பட்டத்துக்கு நிகரானது என்னும் இணைச் சான்று கிடைக்குமா என்பதை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடமும் மானியக் குழுவிடமும் எழுத்து மூலம் கேட்டறிந்த பிறகே சேருங்கள்.