மதுரையிலிருந்து கிட்டாரோடு சென்னைக்கு

நண்பரே, சாலிகிராமத்தில் இரண்டு ரெக்கார்டிங், மயிலாப்பூரில் ஒரு நிகழ்ச்சி, மூன்று நாள் எங்கே தங்குவது என்று கேட்டிருந்தீர்கள். சாலிகிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வடபழனியிலேயே தங்குங்கள். எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவில் ஒரே வண்டி, மாற வேண்டியதில்லை. கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குப் பேரம் பேசும் பாடு மிச்சம்.

புதுக் கம்பியை ஊரிலேயே இரண்டு நாள் முன்னால் மாட்டி நன்றாக வாசித்துவிடுங்கள். புதுசு இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு டேக்கிலும், அதாவது ஒவ்வொரு முறை வாசித்துப் பதியும்போதும், சுருதி இறங்கும். அப்புறம், வெளியே புழுக்கம், ஸ்டூடியோவுக்குள் ஏசி. உறையைத் திறந்து கால் மணி நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுருதி சேருங்கள். ஒருமுறை நான் அவசரப்பட்டதில் முதல் டேக் முழுக்க இரண்டாம் கம்பி விலகியே ஒலித்தது. இன்னும் மனசு உறுத்துகிறது.

சம்பளத்தில் பாதியைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.