கேமராவைப் பிடித்தபடியே மூன்றாம் ஆண்டு

கேள்வி: நான் பொது அறுவை சிகிச்சைத் துறையில் மூன்றாம் ஆண்டு முதுநிலை மாணவி. எங்கள் யூனிட்டில் ஆறு பயிற்சி மருத்துவர்கள் இருந்த இடத்தில் இப்போது நான்கு பேர்தான் இருக்கிறோம். ஆபரேஷன் தியேட்டரில் கேமரா பிடிப்பதும், திசுக்களை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரை இழுத்துப் பிடிப்பதும், கடைசியில் தோலைத் தைப்பதும் என் பங்கு. மீதி நேரமெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதிலும் பரிசோதனை முடிவுகளைத் தேடி அலைவதிலும் போகிறது. அறுவை செய்ய வாய்ப்புக் கேட்டால், "லிஸ்ட் பெரிது, நேரமில்லை" என்கிறார் சீனியர். இன்னும் சில மாதங்களில் தனியாக அறுவை செய்ய வேண்டியவளாக வெளியே போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. குறை என்னிடமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. நாளை உங்கள் மேஜையில் படுக்கப்போகும் நோயாளியை இப்போதே நினைத்துப் பார்ப்பதால் வரும் பயம் அது. குறை உங்களிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; சீனியருக்கு மனமில்லை என்றும் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். ஆறு பேர் வேலையை நான்கு பேர் செய்யும்போது முதலில் வெட்டுப்படுவது கற்பித்தல்தான். வார்டில் ஒரு வேலை விட்டுப்போனால் மறுநாள் காலை ரவுண்ட்ஸிலேயே தெரிந்துவிடும்; கற்றுத்தராமல் விட்ட அறுவை, சில ஆண்டுகள் கழித்து, வேறொரு மருத்துவமனையில், வேறொரு நோயாளியின் உடலில்தான் வெளிப்படும்.

அமெரிக்காவில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த பயிற்சி முறையின் உயிர்நாடி, பொறுப்பைப் படிப்படியாகக் கையில் கொடுப்பது. அந்த முறையில் வேலை நேரத்துக்கு வரம்பே இல்லை. 1984-இல் நியூயார்க்கில் 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் மருத்துவமனையில் இறந்ததையடுத்துப் பயிற்சி மருத்துவர்களின் களைப்பு பெரும் விவாதமாகி, 1989-இல் அம்மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. 2003-இல் அது அமெரிக்கா முழுமைக்கும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு 48 மணி நேரம். தூக்கமில்லாத கையில் கத்தி இருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மருத்துவமனையில் இருக்கும் நேரத்தில் எவ்வளவு தியேட்டருக்குள் கழிகிறது என்ற கேள்வியை எந்த மணிக்கணக்கும் தொடுவதில்லை. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். முழு அறுவையையும் கேட்டால், நீண்ட லிஸ்டோடு நிற்கும் எந்தச் சீனியரும் தயங்கத்தான் செய்வார்; ஆகவே ஒரு பகுதியை மட்டும் கேளுங்கள். சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றும் அறுவையையே எடுத்துக்கொள்வோம். அதில் பெரிய ஆபத்து, பித்தப்பைக் குழாயும் அதன் தமனியும் இருக்கும் முக்கோணப் பகுதியில் இருக்கிறது. அங்கே தவறினால், பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளமே அறுபடலாம். அவ்விரண்டையும் இனங்கண்டு கிளிப் போட்டு வெட்டிய பிறகு, கல்லீரல் படுகையிலிருந்து பித்தப்பையைப் பிரித்தெடுப்பது ஒப்பளவில் பாதுகாப்பான கட்டம். முந்தைய நாள் மாலையே, "சார், நாளை இரண்டாவது கேஸில் கல்லீரலிலிருந்து பிரிக்கும் பகுதியை மட்டும் நான் செய்யட்டுமா? 15 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் கருவியை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். நேரத்துக்கு எல்லை தெரிந்துவிட்டால் சம்மதிப்பது எளிது. அது கைவந்த பிறகு முக்கோணப் பகுதிக்குப் போகலாம். பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே அமைப்புகள்தாம் என்பது கண்ணெதிரே தெளியும்வரை எதையும் வெட்டக் கூடாது என்ற ஒழுக்கத்தைக் கேமரா பிடிக்கும்போதே பழகிக்கொள்ள முடியும். எந்த இடத்தில் சீனியர் கை தயங்குகிறது, எப்போது இழுவையின் திசையை மாற்றுகிறார் என்று கவனித்து, கேஸ் முடிந்ததும் ஏன் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

இனி ஆள் பற்றாக்குறைக்கு வருவோம். நீங்கள் நால்வரும் சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு, யார் எந்த வேலையில் எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். மருத்துவர்தான் செய்தாக வேண்டிய வேலை எது, எழுத்தரோ வார்டு உதவியாளரோ செய்யக்கூடியது எது என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாளோடும் ஒரு யோசனையோடும் யூனிட் தலைவரிடம் போங்கள். வெறும் கையோடு போனால் அது புலம்பலாகத்தான் கேட்கும். அறுவை நாளில் ஒருவர் வார்டு முழுவதையும் தொலைபேசி உட்படப் பொறுப்பேற்க, மற்றவர்கள் தியேட்டரில் கலையாமல் நிற்கட்டும். முறை வைத்து மாறிக்கொள்ளலாம். நால்வரும் பாதி வார்டிலும் பாதி தியேட்டரிலுமாக ஓடினால் ஒருவருக்கும் கை பழகாது. இதற்கு டியூட்டி கைமாற்றம் ஒழுங்காக இருந்தாக வேண்டும். 9 குழந்தை மருத்துவப் பயிற்சித் திட்டங்களில், நோயாளி விவரங்களை ஒரே வரிசையில் சொல்லி ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குப் புதிதாக ஓர் ஆளும் தேவையில்லை.

நோயாளியிடம் எதையும் மறைக்காதீர்கள். இன்னார் மேற்பார்வையில் நானும் அறுவையில் பங்கெடுப்பேன் என்று ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். நேரில் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள், மறுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின்படி, தோலை வெட்டுமுன் குழுவினர் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டுமல்லவா? அப்போது நீங்கள் செய்யப்போகும் பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மயக்க மருந்து நிபுணரும் செவிலியரும் அதற்கேற்பத் தயாராக இருப்பார்கள், இடையில் யாரும் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்க வேண்டியிராது.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால், பங்கெடுத்த அறுவைகளைப் பதிந்துவைக்கும் உங்கள் லாக் புக்கோடு துறைத் தலைவரைப் பாருங்கள். எந்த அறுவையில் எந்தப் பகுதியைச் செய்தீர்கள், எதில் வெறுமனே உதவினீர்கள் என்று அதில் உள்ளபடியே எழுதியிருக்க வேண்டும்; எண்ணிக்கையை நிரப்புவதற்காக எழுதிய லாக் புக் உங்களுக்கே எதிராகப் பேசும். பட்டம் வாங்கியவுடன் தனியாளாக நிற்க வேண்டிய வேலையை ஏற்காதீர்கள். சம்பளம் குறைவானாலும், ஓரிரு ஆண்டுகள் மூத்தவர்கள் உடனிருக்கும் துறையில் சேருங்கள். நேர்காணலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், நள்ளிரவில் நான் அழைத்தால் எந்தச் சீனியர், எத்தனை நிமிடத்தில் தியேட்டருக்கு வருவார் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.