தம்பி டிராக் குயீன், டிவி போட்டிக்குப் போக ஆசைப்படுகிறான், அதில் பிழைப்பு உண்டா?

ரொறன்ரோவில் டிராக் செய்கிற, அதாவது பெண் வேடம் கட்டி மேடையில் ஆடுகிற உங்கள் தம்பி, டிராக் கலைஞர்கள் மோதுகிற கனடாஸ் டிராக் ரேஸ் என்ற டிவி போட்டிக்கு விண்ணப்பிக்கப் போகிறார், இதை ஒரு தொழில் என்று நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இப்போது என்ன நடக்கும் என்று எனக்கு விளங்குகிறது. அம்மா அழுவார், அப்பா கதைக்காமல் இருப்பார், நீங்கள் நடுவில் நிற்பீர்கள். நான் மேடை ஏறுகிறவள் இல்லை, ஸ்காபரோவில் பரதநாட்டிய உடுப்புத் தைக்கிறவள். ஆனால் அந்த மேடைக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் காசு எங்கே போகிறது என்று கொஞ்சம் தெரியும்.

தொழில்தான், அதில் சந்தேகமே வேண்டாம். பிரியங்காவைப் பாருங்கள். கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளை, சிறுவர் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தியவர், 2017இல்தான் டிராக் தொடங்கினார், 2020இல் கனடாஸ் டிராக் ரேஸின் முதல் பருவத்தை வென்று ஒரு லட்சம் டாலர் பரிசு எடுத்தார். அது கொரோனாக் காலம், பார் எல்லாம் பூட்டு, வென்ற உடனே ஊர் ஊராக ஆடப் போக முடியாத நேரம். அப்படியிருந்தும் பாட்டு வெளியிட்டார், 2024இல் எச்பிஓ தொலைக்காட்சியின் வி ஆர் ஹியர் என்ற டிராக் தொடரை நடத்துகிறவர்களில் ஒருவராக வந்தார். வென்றால்தான் வாழ்வு என்றும் இல்லை. புரூக் லின் ஹைட்ஸும் ரொறன்ரோக்காரர்தான், ஆண்களே பெண் வேடத்தில் பாலே ஆடுகிற ட்ரோகடெரோ குழுவில் ஆடியவர், 2019இல் இதே போட்டியின் அமெரிக்கப் பதிப்பில் 11ஆம் பருவத்தில் தோற்று இரண்டாவதாக வந்தார். அடுத்த வருடமே கனடாப் போட்டியில் நடுவர் கதிரையில் இருந்தார்.

பெரிய பரிசுக் காசு ஒருவருக்குத்தான். மற்ற எல்லாருக்கும் அந்த நிகழ்ச்சி கடை வாசலில் தொங்குகிற பெயர்ப் பலகை மாதிரி. டிவியில் முகம் தெரிந்த பிறகு ஒரு இரவுக்கான சம்பளம் ஏறும், வேறு நகரங்களில் கூப்பிடுவார்கள், ரசிகர்கள் படம் எடுக்கக் காசு கொடுத்து வருவார்கள், விளம்பரம் வரும். ஆனால் அந்தப் பலகையை மாட்டுகிற செலவு போட்டியாளர் தலையில்தான் விழுகிறது. ரன்வேயில், அதாவது நடுவர்களுக்கு முன் நடந்து காட்டுகிற மேடையில் போடுகிற உடுப்பைப் பெரும்பாலும் அவரவரே கொண்டுபோக வேண்டும், விக், நகை, சப்பாத்து எல்லாம் சேர்த்து. கடன் வாங்கிக்கொண்டு போய் முதல் வாரமே வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். மிச்ச உடுப்பெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும், பிறகு இன்ஸ்டாகிராமில் போட்டுக் காட்டுவதுதான் வழி.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தேர்வுக்கு அனுப்புகிற வீடியோவுக்கு உடுப்புத் தைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை என் கடைக்கு வந்தான். பெயர் சொல்ல மாட்டேன். "அக்கா, நாட்டிய உடுப்பில் முன்னால் விசிறி இருக்கே, நீளக் கவுனுக்குள்ளே அதை ஒளித்து வைத்து ஒரு இழுவையில் விரிய வைக்கலாமா?" என்று கேட்டான். முழங்கால் மடித்துப் பாதி இருக்கிற அரைமண்டி நிலையில் விசிறி தானாக விரியும், அதற்காகத்தான் மடிப்பு வைக்கிறோம். அதன்மேல் இருக்கிற கவுன் பாட்டின் சரியான இடத்தில் கழன்று விழ வேண்டும், அதுதான் கஷ்டம். வெல்குரோ சரிகையைப் பிய்த்தது. அழுத்துப் பொத்தான் ஆட்டத்தில் தானாகக் கழன்றது, ஏனென்றால் இடுப்பில் ஸ்பொஞ்ச் வெட்டிக் கட்டி அதன்மேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக டைட்ஸ் போடுகிறார்கள், அந்த ஸ்பொஞ்ச் ஒவ்வொரு அடிக்கும் குலுங்கும். அளவெடுப்பதே அதைக் கட்டிய பிறகுதான். கடைசியில் இரண்டு பக்கமும் துணி வளையங்கள் தைத்து ஒரே கயிற்றைக் கோத்தேன். கயிற்றை இழுத்தால் தோளிலிருந்து கால் வரை ஒரே மூச்சில் அவிழும். கல் ஒட்டுவதை அவனே செய்தான், பகல் வேலை முடிந்து வந்து கடை மூலையில் இருந்து இரவிரவாக ஒட்டினான். டிராக் பார்கள் இருக்கிற சேர்ச் வீதியில் அவன் அதைப் போட்டு ஆடிய அன்று நானும் போனேன். கவுன் விழுந்து விசிறி விரிந்தபோது சனம் எழும்பி நின்று கத்தியது. இத்தனை அரங்கேற்றத்துக்குத் தைத்திருக்கிறேன், என் தையலுக்காக யாரும் எழும்பி நின்றதில்லை. அந்த வருடம் அவனை எடுக்கவில்லை, ஆனால் அந்த வீடியோவைப் பார்த்து மொன்றியலில் இருந்து கூப்பிட்டார்கள், இப்போதும் கூப்பிடுகிறார்கள்.

கலாசாரம் கெட்டுப்போகிறது என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊர்க் கூத்தில் பெண் வேடம் கட்டியதும் ஆண்கள்தான், அதைப் பார்த்து அழுத சனம்தான் நாங்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, நோக்கம் வேறு, காலம் வேறு. வேடம் கட்டுகிறவரின் உழைப்பை மதியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பிள்ளை துணி வெட்ட முதலே பாதிக் காசும் உடுப்பை எடுக்கும்போது மீதியும் கொடுத்தான், ஒரு சதம் குறைத்துக் கேட்கவில்லை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பல்லாயிரம் கொட்டி அரங்கேற்றம் செய்கிற பெற்றோர், உடுப்புக் காசில் மிச்சத்தைப் "பிறகு தாறம்" என்று மாதக் கணக்கில் இழுக்கிறார்கள். கேட்டால் நாங்கள் கலையை வளர்க்கிறோம் என்கிறார்கள். தைக்கிறவளுக்கும் வாடகை இருக்கிறது.

சரி, உங்கள் தம்பிக்கு வருகிறேன். உடுப்புக்காகக் கடன் அட்டையில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக் பிடித்துக் கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருக்கத் தெரிந்தவருக்குப் பார்களில் நிரந்தரமாக இரவு கிடைக்கிறது, அதைப் பழகட்டும். தையலும் கட்டாயம் பழக வேண்டும், போட்டியிலேயே கையில் துணியைக் கொடுத்து உடுப்புச் செய்யச் சொல்வார்கள், அங்கே திணறியவர்களை எல்லாரும் டிவியில் பார்த்திருக்கிறோம். ஜிப் வைக்கவும் துணி விளிம்பு அடிக்கிற ஓவர்லொக் மெஷின் ஓட்டவும் நானே சொல்லித் தருவேன், உள்பெட்டியில் எழுதுங்கள், திங்கட்கிழமைகளில் கடையில் கூட்டம் குறைவு.