பாக்கெட் எந்த விதியில் நிற்கிறது?

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். இரண்டாங்கட்டில் உள்ள கேமரா ரெக்கார்டரை அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்கிறார்கள். லினக்ஸ் ஃபயர்வாலில் 8080 போர்ட்டை ரெக்கார்டரின் 80-க்குத் திருப்பிவிட்டேன். டிசிபிடம்ப்பில் (நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் கருவி) பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, வருவது தெரிகிறது, படம் மட்டும் வரவில்லை. விதிகளை ஒவ்வொன்றாக அழித்துப் பார்க்கலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் தம்பி. ஆள் குடியில்லாத வீடு. எந்த விதி எதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். அப்புறம் அது எங்கே மாட்டியது என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் ட்ரேஸ், அதாவது பாக்கெட் போகும் வழியை விதிவிதியாகப் பின்தொடரும் வசதி, இருக்கிறது.

உங்கள் ஃபயர்வால் என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸின் புதிய ஃபயர்வால் முறை) என்றால், சோதனைக்கென்று தனி டேபிள் ஒன்று போடுங்கள். அதில் ப்ரீரவுட்டிங் செயின் (பாக்கெட் உள்ளே வந்தவுடன் பார்க்கும் விதிவரிசை), முன்னுரிமை -350; எண் சிறியதாக இருந்தால் முதலில் ஓடும். உள்ளே ஒரே விதி: 8080-க்கு வரும் டிசிபி பாக்கெட்டுக்கு 'மெட்டா என்எஃப்ட்ரேஸ் செட் 1'. இன்னொரு திரையில் 'என்எஃப்டி மானிட்டர் ட்ரேஸ்' ஓடட்டும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் புதிதாக இணைத்துப் பாருங்கள். புதிதாக என்பது முக்கியம்: நாட் (முகவரி மாற்றும்) விதிகளை ஒரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே தொடும். பாக்கெட் கடந்த ஒவ்வொரு செயினும், பொருந்திய விதியும், கடைசித் தீர்ப்பும் வரிவரியாக வரும்.

ஃபார்வர்டு செயினில் (ஃபயர்வால் வழியே வேறு கருவிக்குப் போகும் பாக்கெட்டுக்கான விதிவரிசை) 'பாலிசி ட்ராப்' (எந்த விதியும் அனுமதிக்காததால் தள்ளிவிடுதல்) என்று முடியும் என்பது என் கணிப்பு. அங்கே நீங்கள் 8080-ஐ அனுமதித்திருப்பீர்கள். ஆனால் முகவரி மாற்றம் -100-லேயே நடந்துவிடுகிறது. ஃபில்டர் விதிகள் 0-வில். அங்கு வரும்போது பாக்கெட்டில் இருப்பது ரெக்கார்டரின் முகவரியும் 80-ம்தான். அதை அனுமதியுங்கள். 'சிடி ஸ்டேட்டஸ் டிநாட் அக்செப்ட்' (முகவரி மாற்றப்பட்ட இணைப்பை அனுமதி) என்று எழுதினாலும் சரி. ஃபார்வர்டில் அக்செப்ட் என்றே வந்தால், ரெக்கார்டரில் கேட்வே முகவரி (பதிலை வெளியே அனுப்பும் வழி) சரியா என்று பாருங்கள்.

பழைய ஐபிடேபிள்ஸ் என்றால் ரா டேபிளில் ட்ரேஸ் டார்கெட் போட வேண்டும். விவரம் கெர்னல் லாகில் வரும். அதே ஐபிடேபிள்ஸ் கட்டளை என்எஃப்டேபிள்ஸ் மேல் ஓடினால் 'எக்ஸ்டேபிள்ஸ்-மானிட்டர்' கருவியில் பாருங்கள். வேலை முடிந்ததும் சோதனை டேபிளை நீக்கிவிடுங்கள்.

ஆனாலும் ரெக்கார்டரை இப்படி இணையத்துக்கு நேராகத் திறந்து வைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தில் பாதுகாப்பான தனிவழி) 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. ஃபயர்வாலிலும் வீட்டுக்காரர்களின் போனிலும் அதைப் போட்டுக் கொடுங்கள். 8080 விதியே தேவைப்படாது.