அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் அலுக்காத பொம்மை எது? டீச்சரிடம் கேட்டவை

பால்வாடியில் 19 வருடம், அப்புறம் பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையை ஒதுக்கிப் பொம்மைகளை வாரக்கணக்கில் இரவல் கொடுத்து 11 வருடம். எது பல் தடத்தோடு திரும்பி வருகிறது, எது கொடுத்த பளபளப்பு குறையாமல் திரும்பி வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். கேளுங்கள்.

கேள்வி: பெரியவனுக்கு 5, சின்னவளுக்கு 2. பீரோ நிறைய பொம்மை. எது வாங்கினாலும் ரெண்டு நாள்தான், மூன்றாம் நாள் "போரடிக்குதும்மா". இனி எதைத்தான் வாங்குவது டீச்சர்?

ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் பீரோவைக் காலி செய்யுங்கள். அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தார் ஒன்றரையிலிருந்து இரண்டரை வயதுக்குள் இருக்கும் 36 பிள்ளைகளை ஒரு முறை 4 பொம்மையோடும் இன்னொரு முறை 16 பொம்மையோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள், 2018-ல் வெளியான ஆய்வு. நான்கு மட்டும் இருந்தபோதுதான் ஒவ்வொன்றையும் கூடுதல் நேரம் கையில் வைத்திருந்தார்கள், விதவிதமாகவும் விளையாடினார்கள். பதினாறு இருந்தபோது ஒன்றைத் தொட்டு முடிப்பதற்குள் கண் அடுத்ததற்குப் போய்விட்டது. உங்கள் பீரோவிலும் அதுதான் நடக்கிறது.

இருப்பதை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒன்று வெளியே, இரண்டு மூட்டையாகக் கட்டிப் பரணில். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிள்ளைகள் தூங்கிய பிறகு மாற்றுங்கள். கேட்டு அழும்போது எடுத்துக் கொடுத்தால் பரண் கடையாகிவிடும். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை எதுவோ அதைத் தொடாதீர்கள். மூட்டை கட்ட பெரியவனை உதவிக்குக் கூப்பிடவும் வேண்டாம், தங்கச்சியுடையது மொத்தமும் பரணுக்குப் போயிருக்கும்.

இனி எது நிலைக்கும் என்பது. பொத்தானை அமுக்கினால் பாடுகிற வாத்து தன்னிடம் உள்ளதையெல்லாம் முதல் நாளே பாடி முடித்துவிடுகிறது, அதற்கு மேல் பிள்ளை அதை என்ன செய்யும்? மரக்கட்டைகளைக் கொட்டுங்கள். பெரியவன் பஸ் ஸ்டாண்டு கட்டுவான், சின்னவள் அதைத் தட்டிவிட்டுக் கைதட்டுவாள், அவன் கத்திவிட்டு மறுபடி கட்டுவான், அரை மணி நேரம் ஓடிவிடும். நான் கடையில் பார்ப்பது அவ்வளவுதான்: ஒரே சாமானில் சின்னதுக்கு ஒரு வேலையும் பெரியதுக்கு ஒரு வேலையும் இருக்கிறதா? கட்டை, பந்து, சொப்பு, களிமண், கயிறு கட்டி இழுக்கிற லாரி, இவற்றில் இருக்கிறது.

அந்தப் பாடும் வாத்து வீட்டில் இருந்தால் கவிழ்த்து, செல் மூடிக்குத் திருகு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பட்டன் செல் தொண்டைக்குக் கீழே மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாழைப்பழம் கொடுத்து, காலையில் வருகிறதா பார்ப்போம் என்று உட்காராதீர்கள்.

கேள்வி: 4 வயதுப் பையனுக்கும் 3 வயதுத் தம்பிக்கும் ரிமோட் கார் ஓகேவா?

ஓட்டப்போவது அவங்க அப்பா.

கேள்வி: மூத்தவளுக்கு 6, லெகோ பைத்தியம். சின்னவனுக்கு ஒன்றரை, எதைக் கண்டாலும் வாய்க்குத்தான். லெகோவை ஒளித்துவைத்தால் அவள் அழுகிறாள்.

அவள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? சாப்பாட்டு மேசையை அவளுக்குக் கொடுங்கள், தரை அவனுக்கு. மேசையில் நடப்பது மேசையிலேயே, எழுந்திருக்கும்போது எல்லாம் டப்பாவுக்குள். பொம்மைப் பரிசோதனைக் கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னக் குழாய் வைத்திருப்பார்கள், அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. சின்ன லெகோவில் பெரும்பாலானவை அதில் அடங்கும்.

அவனுக்கு டூப்ளோ வாங்குங்கள். அதே கம்பெனி, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்கு. இதில் ஒரு அழகு உண்டு, டூப்ளோவின் தலையில் சின்னக் கட்டை பொருந்தும். இரண்டு வருடம் கழித்து அவனுடைய டூப்ளோ அவளுடைய கோட்டைக்கு அஸ்திவாரமாகும். விலை கூடத்தான், ஆனால் 1958-ல் செய்த கட்டையோடு இன்றைய கட்டை பொருந்துகிறது, பேரப்பிள்ளை வரைக்கும் வரும்.

கேள்வி: 5 வயசு, 3 வயசு. என்ன வாங்கலாம்?

முதல் பதில்.

கேள்வி: என் இரண்டு பையன்களுக்கும் 14 மாதம்தான் இடைவெளி. ஒருவன் தொட்டதுதான் மற்றவனுக்கும் வேண்டும். ஒரே பொம்மையை ரெண்டாக வாங்குவதா?

சக்கரம் வைத்தது என்றால் இரண்டு, நிறம்கூட மாறாமல் இரண்டு. பல துண்டுகளாக வருவது என்றால் ஒரே செட், ஆனால் இரு மடங்கு எண்ணிக்கையில். கட்டையை யாரும் "இது என்னுது" என்று கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க முடியாது, பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்.

கேள்வி: இதை ஏற்க முடியாது மேடம். நாங்கள் ஐந்து பேரும் ஒரே நடைவண்டியில் வளர்ந்தோம். ஆளுக்கொன்று வாங்கித் தந்தால் பகிர்ந்துகொள்ள எப்படிக் கற்பார்கள்?

நீங்கள் ஐந்தில் மூத்தவர்தானே சார்?

கேள்வி: டீச்சர், நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். நானும் ஐந்து பேர் உள்ள வீடு, நான் கடைக்குட்டி. நடைவண்டி என் கைக்கு வந்தபோது அதில் சக்கரம் இரண்டுதான் இருந்தது.

கேட்டீர்களா சார்!

கேள்வி: சரி, மூத்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேள்விக்குப் பதில் வரவில்லை.

வருகிறேன். இரண்டு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து விளையாடுவது குறைவு, பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி விளையாடும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க அம்மா 1932-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். நான் பால்வாடி மணல் குழியில் தினமும் பார்த்தது: இரண்டு பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி ஆளுக்கொரு சிரட்டையில் மணல் அள்ளும், ஒரு சிரட்டையை எடுத்துவிட்டால் போர்தான். "பகிர்ந்துக்கோ" என்றால் அந்த வயதில் அதற்கு "பிடுங்கிட்டாங்க" என்றுதான் அர்த்தம். மூன்றரை, நான்கு ஆனதும் முறைவைத்து ஆடப் பழக்கலாம், அதுவும் "கொஞ்ச நேரம்" என்று சொல்லிப் பயனில்லை, "இட்லி இறக்கும் வரைக்கும் நீ, அப்புறம் அவன்" என்றால் புரியும். இட்லியை இறக்கியதும் கட்டாயம் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும், அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம்.

உங்கள் வீட்டில் ஐந்து பேர் பகிர்ந்தது வண்டி ஒன்றாக இருந்ததால் இல்லை சார், வாசலில் மண்ணும் வேப்பங்கொட்டையும் அளவில்லாமல் கிடந்ததால். அபார்ட்மெண்டில் அது கிடையாது.

கேள்வி: மகனுக்கு 4, மகளுக்கு 6. அவன் சொப்பு வைத்துச் சமைத்து விளையாடினால் மாமியார் முகம் சுளிக்கிறார்.

அவன் வைக்கும் ரசத்தை முதலில் மாமியாருக்கே ஊற்றச் சொல்லுங்கள். அண்ணன் தங்கை, அக்கா தம்பி சேர்ந்து மணிக்கணக்கில் விளையாட சொப்பைப் போல ஒன்று இல்லை, வாடிக்கையாளர், கடைக்காரர், சமையல்காரர், சண்டைக்கு வருகிறவர் என்று எத்தனை பேர் வந்தாலும் வேலை உண்டு. அம்பாசமுத்திரம் கடைசல் சொப்பு கிடைத்தால் வாங்குங்கள்.

பிளாஸ்டிக் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கும் பொம்மைக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு, அதனால் முத்திரை இல்லையே என்று மரச்சொப்பைத் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: 2 வயதுப் பையன். அக்காவோடு சேர்வதே இல்லை, பேச்சும் வரவில்லை, கார் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறான். பேச்சு வரவைக்கும் பொம்மை இருக்கிறதா?

இதைப் பொம்மையில் தேடாதீர்கள் அம்மா. பயமுறுத்தவில்லை, ஆனால் இந்த வாரமே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனை என்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள்.

கேள்வி: 6 வயது, 3 வயது. எல்லாமே சீக்கிரம் அலுத்துவிடுகிறது...

பரண். முதல் பதில். செல் மூடித் திருகையும் பாருங்கள்.

கேள்வி: 8 வயதும் 5 வயதும். போர்டு கேம் என்றால் சின்னவன் தோற்று அழுகிறான், பெரியவள் இனி அவனோடு ஆடமாட்டேன் என்கிறாள்.

ஆடு புலி ஆட்டம் சொல்லிக்கொடுங்கள். 3 புலி, 15 ஆடு. இரண்டு பக்கமும் சமமில்லை, ஆடுகளை நகர்த்தி அடைப்பதுதான் கஷ்டம். பெரியவளுக்கு ஆடு, சின்னவனுக்குப் புலி. அவன் நாலு ஆட்டை வெட்டிய சந்தோஷத்திலேயே கடைசியில் அடைபடுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். ஜெயிக்கத் தொடங்கியதும் பக்கம் மாற்றுங்கள். பலகை வாங்க வேண்டாம், சுண்ணாம்புக்கட்டியால் தரையில் போடுங்கள்.

பல்லாங்குழியும் நல்லது, 14 குழி, எண்ணிப் போடப்போட கணக்கு தானாக வரும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே ஒன்று இருந்தால் மட்டும் புளியங்கொட்டையை வெளியே எடுக்காதீர்கள், மூக்குக்குள் போய்விடும்.

கேள்வி: 5 வயசு, 2 வயசு, பொம்மை சஜஷன் ப்ளீஸ்.

மேலே.

கேள்வி: மரச்சொப்பை எப்படிக் கழுவுவது டீச்சர்? சின்னவள் எச்சில் படாத இடமில்லை.

கழுவாதீர்கள், ஊறினால் மரம் உப்பி வெடிக்கும். கொரோனா நேரத்தில் இரவல் போய்த் திரும்பிய சொப்புகளை ஒவ்வொன்றாக சானிடைசர் போட்டுத் துடைத்தேன். மூன்றாவது குடத்திலேயே துணியெல்லாம் சிவப்பு, விரல் பிசுபிசுவென்று குடத்தோடு ஒட்டிக்கொண்டது. மேலே பூசுவது அரக்கு, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், வயசான காலத்தில்தான் எனக்கு அது தெரிந்தது. அந்தக் குடத்தில் இன்றைக்கும் என் கைரேகை இருக்கிறது. ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, நிழலில் காயவையுங்கள்.