போன் மெதுவானால் 'சாஃப்ட்வேர்' போட வேண்டுமா?

நான்கு வருட ஆண்ட்ராய்டு போன் தவழ்கிறது. "சாஃப்ட்வேரைப் புதிதாகப் போட்டால் பறக்கும், 900 ரூபாய்" என்கிறார் கடைக்காரர். போடலாமா?
(வாசகி, கரூர்)

வேண்டாம். அவர் சாஃப்ட்வேர் என்பது போனை இயக்கும் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தை. அது இருக்கும் பகுதியில் சாதாரணச் செயலி எதுவும் எழுதவே முடியாது. அது பழுதாகிப்போவது அபூர்வம். அதையே அழித்து அதையே மீண்டும் போடுவதற்குத்தான் அந்த 900 ரூபாய். போட்டதும் வேகம் கூடும், ஏனென்றால் சேமிப்பகம் காலியாகியிருக்கும். பழைய செயலிகளும் வீடியோக்களும் திரும்பி வந்ததும் பழைய கதைதான். மலிவு என்று ஒரு முறை 16 ஜிபி போன் வாங்கினேன். ஆறே மாதத்தில் நிரம்பி, அழைப்பை எடுக்கக்கூடத் திணறியது. சேமிப்பகத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வையுங்கள். அதுவும் போதாவிட்டால் படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, செட்டிங்ஸில் நீங்களே ரீசெட் செய்யுங்கள். காசு செலவில்லை.

பெட்டியில் 8 ஜிபி ரேம் என்றிருந்தது. இப்போது பார்த்தால் 4 தான். இயங்குதளத்தை மாற்றினால் 8 ஆகுமா?
(வாசகர், திருநெல்வேலி)

ஆகாது. பெட்டியை மறுபடி பாருங்கள், "4+4" என்று சிறிய எழுத்தில் இருக்கும். பத்தாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுக்கிறவர் அந்த ஒரு வரியைப் படிக்க வேண்டாமா? ஆனால் உங்களைவிட, அப்படி அச்சடித்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். ரேம் என்பது இயங்கும் செயலிகள் பயன்படுத்தும் வேகமான தற்காலிக நினைவகம். இரண்டாவது 4 ரேமே அல்ல. சேமிப்பகத்தில் ஒதுக்கிய ஓர் ஓரம். ரேமில் இடமில்லாததை அங்கே தள்ளி வைத்து, கேட்கும்போது எடுத்துவருவார்கள். சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி என்ற மெதுவான வகைச் சேமிப்பகம் என்பதால் இன்னும் மோசம். இரண்டையும் கூட்டிப் பெரிய எழுத்தில் 8 என்று போடுவது வாங்குபவரை ஏய்ப்பதுதான். விளம்பரத்தில் உண்மையான ரேம் மட்டுமே இருக்க வேண்டும் என்று சட்டம் வரும்வரை இதை எழுதிக்கொண்டே இருப்பேன்.

கடையில் வேறு இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தார்கள். குழந்தையின் படங்கள் எல்லாம் போய்விட்டன. வங்கிச் செயலியும் திறக்கவில்லை. பில் தரவில்லை.
(வாசகி, சேலம்)

தவறு உங்களுடையது அல்ல அம்மா. வேறு இயங்குதளம் ஏற்ற, போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும். அதை முன்பே சொல்வது கடைக்காரரின் கடமை. கூகுள் போட்டோஸில் தேடிப் பாருங்கள். போனிலிருந்து மீட்பது அநேகமாக முடியாது. பூட்லோடர் திறந்திருக்கும் போனைப் பல வங்கிச் செயலிகள் ஏற்பதில்லை. நிறுவனத்தின் அசல் மென்பொருளை ஏற்றி, பூட்லோடரைப் பூட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் சான்றுதான். எதையும் அழித்துவிடாதீர்கள்.

பழைய ஐபோன் மந்தமாகிவிட்டது. இயங்குதளக் கோளாறா?
(வாசகர், மதுரை)

பேட்டரியைப் பாருங்கள். தேய்ந்த பேட்டரியுள்ள போன்களின் வேகத்தைக் குறைப்பதாக ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. செட்டிங்ஸில் பேட்டரித் திறன் 80 சதவீதத்துக்குக் கீழே என்றால், அதை மட்டும் மாற்றுங்கள்.