லத்தி போடும் குதிரைகள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. குன்னூரில் விடுதியில் தங்கிப் படித்தவள். பள்ளி நூலகத்தின் கடைசி அலமாரியில் இரண்டு வரிசை நிறைய மட்டக்குதிரைக் கதைகள் இருந்தன. எல்லாம் இங்கிலாந்தில் அச்சான பழைய புத்தகங்கள். ஒரு சிறுமி, அவளுக்கு எப்படியோ கிடைக்கும் ஒரு மட்டக்குதிரை, கடைசி அத்தியாயத்தில் ஜிம்கானா என்கிற குதிரை விளையாட்டுப் போட்டி. நான் குதிரைமேல் ஏறியது ஊட்டி ஏரிக்கரையில் ஒரே ஒரு தடவை, அதுவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் நடக்க. ஆனாலும் என்னை வாசிக்க வைத்தவை அந்தக் கதைகள்தான். இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்குகிறேன். டிரங்குப் பெட்டியில் 63 புத்தகங்கள் இருக்கின்றன.

இவை வெறும் சிறுமிகள் கதை என்று தெரியும். வெறும் பொழுதுபோக்கு. நீங்கள் ருஷ்ய நாவல்களைப் பற்றி எழுதுவதைப் படிக்கும்போது கூச்சமாக இருக்கிறது. வெள்ளைக்காரப் பணக்காரக் குழந்தைகளின் கதையில் உனக்கு என்னம்மா இருக்கிறது என்று மகன் கேட்கிறான். இப்போது சின்ன வீட்டுக்கு மாறுகிறோம். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். வெறும் ஏக்கத்துக்காக இவ்வளவையும் சுமப்பது சரியா? இனிமேலாவது தீவிர இலக்கியம் படிக்கலாம் என்றால் எங்கே தொடங்குவது?

பின்குறிப்பு: ஒரு புத்தகத்தில் கடைசி 12 பக்கம் கிடையாது. விடுதியை விட்டுக் கிளம்பும்போது எடுத்து வந்தது. திருடியது என்றும் சொல்லலாம். அந்தப் பெண் ஜெயித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் 'வெறும்' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றையும் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன். நாற்பது வருஷமாகத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்ததைப் பற்றி, முன்பின் தெரியாத என்னிடம் ஏனம்மா இப்படிக் கூசிக் குறுகிப் பேசுகிறீர்கள்? நான் என்ன உங்கள் ஹெட்மாஸ்டரா?

இந்த மாதிரிக் கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவது என் வழக்கம். இதற்கு மட்டும் நீளமாக எழுத ஒரு காரணம் உண்டு. போன வாரம் ஒரு நண்பர் சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்து முன்னுரை கேட்டிருந்தார். 14 கதைகள். பதினான்கிலும் ஏதாவது ஒரு மிருகம் திருந்துகிறது. நரி திருந்துகிறது, காகம் திருந்துகிறது, ஒரு குதிரை கர்வத்தை விட்டுவிட்டுக் கழுதையோடு சிநேகமாகிறது. கதை முழுக்க அந்தக் குதிரை எதையும் தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, லத்தி போடவில்லை. முன்னுரையில் என்னத்தை எழுதுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

சில்லறையை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: ஜிம்கானா என்ற சொல்லே இங்கிருந்து கப்பல் ஏறிப் போனதுதான். பந்து விளையாடும் இடத்தைக் குறிக்கும் 'கேந்த் கானா' திரிந்து அப்படி ஆனது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். சென்னையில் ஜிம்கானா கிளப் தொடங்கியது 1884இல். இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த சொல், அங்கே கிராமத்து வயல்வெளியில் பிள்ளைகள் கரண்டியில் முட்டையை வைத்துக்கொண்டு மட்டக்குதிரை ஓட்டுவதற்கும், நட்டுவைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போவதற்கும் பெயராயிற்று. இந்தச் சொல்லிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. உங்களிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

பணக்காரக் குழந்தைகள் என்கிறான். அவன் ஒரு புத்தகத்தையாவது திறந்து பார்த்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம். இந்த வகைக் கதைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் ஜோனா கானன். 1936இல் வந்த அவருடைய கதையில் ஜீன் என்ற சிறுமியின் அப்பா பணத்தை இழந்துதான் குடும்பம் கிராமத்துக்கே வருகிறது. அவளுக்குக் கிடைப்பது எலும்பும் தோலுமாக ஒரு மட்டக்குதிரை. 1949இல் ரூபி ஃபெர்குசன் தொடங்கிய ஜில் கதைகளில் அம்மா விதவை, குழந்தைகளுக்குக் கதை எழுதிப் பிழைக்கிறாள், மகளுக்கோ அம்மாவின் கதைகளே பிடிக்காது. (அந்த அம்மாவும் மிருகங்களைத் திருத்தியிருப்பாள் என்பது என் ஊகம்.) ஜில்லுக்குக் குதிரையேற்றம் சொல்லித் தருபவர் விமானப்படையில் இருந்து அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். பணக்காரப் பெண் பெரும்பாலும் எதிராளியாகத்தான் வருவாள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை இந்தக் கதைகளில் நாயகியாக வருவது அபூர்வம், அது குறைதான், ஒத்துக்கொள்கிறேன். நகர்வோம்.

தீவிர இலக்கியம் எங்கே தொடங்குவது? டால்ஸ்டாயே ஒரு கிழட்டுக் குதிரையைப் பேசவைத்துக் கதை எழுதியிருக்கிறார், 1886இல் வெளிவந்தது. அதில் தொடங்குங்கள். போதும்.

இப்போது 'வெறும் சிறுமிகள் கதை'க்கு வருகிறேன். இதை லேசில் விடமாட்டேன்.

ஈனிட் பேக்னால்ட் 1935இல் ஒரு நாவல் எழுதினார். கசாப்புக் கடைக்காரரின் 14 வயது மகள், லாட்டரியில் கிடைத்த குதிரையில், ஆண் ஜாக்கி போல வேஷம் போட்டுக்கொண்டு கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் ஓடி முதலாவதாக வருகிறாள். அப்புறம் தகுதிநீக்கம் ஆகிறாள், அது வேறு. இங்கிலாந்தில் ஆகக் கடினமான தடைதாண்டும் குதிரைப் பந்தயம் அது. நிஜத்தில் ஒரு பெண் அந்தப் பந்தயத்தில் ஓட 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெயிக்க 2021 ஆயிற்று, ரேச்சல் பிளாக்மோர். சிறுமிகள் கதையில் 1935இலேயே நடந்து முடிந்த காரியம் வெளியே நடக்க 86 வருஷம் பிடித்திருக்கிறது. இதில் எது 'வெறும்', எழுதுங்கள்.

அதுகூடப் பெரிய விஷயம் இல்லை. உங்கள் அலமாரியில் புல்லைன் தாம்சன் சகோதரிகள் இல்லாமல் இருக்க வாய்ப்பில்லை. ஜோசஃபின், டயானா, கிறிஸ்டின். நான் சொன்ன ஜோனா கானனின் மகள்கள். பின்னவர்கள் இருவரும் இரட்டையர். குதிரையேற்றப் பள்ளி நடத்திக்கொண்டே எழுதினார்கள். மூவரும் சேர்ந்து எழுதிய முதல் புத்தகம் 1946இல் வந்தது. அதே வருஷம் ஜோசஃபின் தனியாக எழுதிய கதையில், பழக்கப்படாத ஆறு மட்டக்குதிரைகளை ஆறு பிள்ளைகளிடம் கொடுத்துப் பழக்கச் சொல்கிறார்கள். கதை அவ்வளவுதான். திருடன் கிடையாது, புதையல் கிடையாது. குதிரை முரண்டு பிடிக்கிறதா, உன் கையைப் பார், எங்கே இழுத்துப் பிடித்திருக்கிறாய் என்று பார். உன் உட்காரலைப் பார். குதிரையைக் குற்றம் சொல்லாதே. இதைச் சொல்ல ஒரு நாவல். பின்னாளில் இதே ஜோசஃபின், சிறைப்பட்ட எழுத்தாளர்களுக்காகக் குரல் கொடுக்கும் பென் அமைப்பின் இங்கிலாந்துக் கிளைக்குப் பல வருஷம் பொதுச் செயலாளராக இருந்தார். மட்டக்குதிரைக் கதை எழுதியதற்கு அவர் கூசியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

நம்மிடம் இல்லாதது இதுதான். தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பாராசாரி யாருக்கும் அடங்காத குதிரை, தேசிங்கு அடக்கினான், உடம்பு சிலிர்க்கும். ஆனால் எனக்குக் கதை சொன்ன யாரும் பாராசாரி என்ன தின்றது, அதை யார் தேய்த்துவிட்டார்கள், லாடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினார்கள் என்று சொன்னதில்லை. நம் கதைகளில் குதிரை பறக்கும், பேசும், இளவரசனைச் சுமக்கும். லாயத்தைக் கூட்டுகிறவன் மட்டும் கதைக்குள் வருவதில்லை. உங்கள் புத்தகங்களில் நாயகியே லாயத்தைக் கூட்டுகிறாள். சவாரி முடிந்து வரும்போது கடைசி ஒரு மைல் குதிரையை நடத்தித்தான் கூட்டிவர வேண்டும், வேர்வையோடு கொண்டுவந்து நிறுத்தக்கூடாது. வசந்தகாலப் புதுப்புல்லில் இஷ்டத்துக்கு மேயவிட்டால் மட்டக்குதிரைக்குக் குளம்புக்குள் வீக்கம் கண்டுவிடும். குளம்பைச் சுத்தம் செய்யும்போது குதிகாலிலிருந்து முன்பக்கமாகத்தான் சுரண்ட வேண்டும். ஊட்டி ஏரிக்கரையில் ஒரே ஒரு தடவை ஏறிய உங்களுக்கு இது அத்தனையும் தெரியும், இல்லையா? குன்னூர் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டீர்கள். ஒரு குழந்தைக்கு ஒரு வேலையை அதன் அழுக்கோடும் நுணுக்கத்தோடும் சொல்லிக்கொடுத்தால் அது வாசகியாகிவிடும் என்பது என் கட்சி. பல வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், ஆளில்லை. நீங்கள் ஒரு சாட்சி கிடைத்தீர்கள், நீங்களோ 'வெறும்' என்கிறீர்கள்!

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு நான்-டீட்டெயிலாக 'பிளாக் பியூட்டி'யின் சுருக்கம் வைத்திருந்தார்கள். 1877இல் அன்னா சூவெல் எழுதியது, குதிரையே தன் கதையைச் சொல்வதுபோல. பதினான்கு வயதில் கீழே விழுந்து கணுக்காலில் அடிபட்டதிலிருந்து அவரால் சரியாக நடக்க முடியாது. எங்கே போனாலும் குதிரைவண்டிதான். குதிரைக்கு என்ன ஆகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவர். குழந்தைகளுக்கென்று எழுதவில்லை, வண்டிக்காரர்களுக்கும் லாயக்காரர்களுக்கும் எழுதினார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வண்டிக்குதிரையின் தலை கம்பீரமாக நிமிர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு வாரால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். மேட்டில் பாரம் இழுக்கும்போது குதிரையால் கழுத்தைத் தாழ்த்த முடியாது. ஒரு அத்தியாயத்தில் ஒரு பெண்மணி வண்டிக்காரனை நிறுத்தி, அந்த வாரை அவிழ்த்துவிடுங்கள், அது எப்படி ஏறுகிறது பாருங்கள் என்கிறாள். அவிழ்க்கிறான். ஏறிவிடுகிறது. புத்தகம் வெளிவந்து ஐந்து மாதத்தில் சூவெல் இறந்துபோனார்.

எங்கள் ஊரில் அப்போது ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வரை ஜட்கா ஓடியது. சவுக்குக் கட்டையைச் சக்கரத்து ஆரத்தில் கொடுத்துக் கடகடவென்று சத்தம் எழுப்பிக்கொண்டு வருவார்கள். ஒருநாள் நானும் அப்பத்தாவும் இரண்டு மூட்டை அரிசியோடு ஏறினோம். அடியில் குதிரைக்கான புல், மேலே சாக்கு, அதன்மேல் நாங்கள். பாலத்து மேடு வந்தது. பாய் வழக்கம்போல, "முன்னால தள்ளி உக்காருங்கம்மா" என்றார். பாரம் பின்னால் சாய்ந்தால் ஏர்க்கால் மேலே தூக்கி, குதிரையின் வயிற்று வாரை இழுக்கும். எனக்கு அன்று அது தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த அத்தியாயம். "பாய், கடிவாளத்தை விடுங்க, குதிரைக்குக் கழுத்து வலிக்கும்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அது தலை அது பாட்டுக்குத் தொங்குதே தம்பி. இதுல விடுறதுக்கு என்ன இருக்கு? பாரம்தான் அதுக்கு வலி. நீங்க எறங்கி நடந்தா அதுக்குச் சொகமா இருக்கும்."

நான் அசையவில்லை. வெயில். செருப்பு வேறு போடவில்லை. அப்பத்தா ஒரு வார்த்தை பேசாமல் பின்பக்கமாக இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேட்டில் ஏற ஆரம்பித்துவிட்டாள். எழுபது வயசு அவளுக்கு. அப்புறம்தான் நான் இறங்கினேன்.

மேட்டு உச்சியில் பாய் வண்டியை நிறுத்தினார். குதிரையின் முன்காலைத் தட்டினார், அது தானாகத் தூக்கிக் கொடுத்தது. முழங்காலில் வைத்துக்கொண்டு, வளைத்த ஆணி ஒன்றால் குளம்பிலிருந்து ஒரு ஜல்லியை நெம்பி எடுத்தார். குளம்பின் அடியில் நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு சதை. "இங்க பட்டா நொண்டும். பின்னாலேர்ந்து முன்னால இழுக்கணும், முன்னாலேர்ந்து பின்னால இல்ல" என்றார். ஆணியை என் கையில் கொடுத்து மற்றக் காலைச் செய்யச் சொன்னார். குதிரையின் மூச்சு என் முதுகில் சூடாக விழுந்தது, கொள்ளு வாசனையோடு. கை நடுங்கியது. பாதியில் வாங்கிக்கொண்டார்.

கல்லூரியில் படிக்கும்போது, மூர் மார்க்கெட்டில் அட்டையில்லாத ஒரு ஜில் கதையை எட்டணாவுக்கு வாங்கினேன். பத்துப் பதினைந்து பக்கம் படித்திருப்பேன், குளம்பு சுரண்டும் இடம் வந்தது. பின்னாலிருந்து முன்னால். நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். அறைக்கு வந்து, என்னோடு தங்கியிருந்த நண்பன் பார்க்காமல் காஃப்காவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஆமாம், நானும்தான். உங்களைத் திட்டுகிற தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

இன்னும் நாலைந்து வாங்கினேன். எல்லாம் வீடு மாற்றங்களில் போயிற்று. அந்தத் தொகுப்புக்கு நான் முன்னுரை எழுதப்போவதில்லை. நண்பரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டி, அந்தக் குதிரைக்கு ஒரு வாளித் தண்ணீராவது வையுங்கள் என்று சொல்லப்போகிறேன்.

பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. பழைய பேப்பர்காரருக்குப் போட்டால் கிலோ கணக்கில் காசு வரும், நாலு டீ குடிக்கலாம். போடக்கூடாது. சின்ன வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கும். உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கோபம் என்மேல் போகட்டும். முடியவே முடியாது என்றால் எனக்கு அனுப்புங்கள், லாரி செலவு என்னுடையது.

திருடிய அந்தப் புத்தகத்தின் பெயரை எழுதாமலே விட்டுவிட்டீர்களே. கடைசி 12 பக்கம் இல்லாதது எது? பெயரையும், அந்தப் பெண்ணின் குதிரைக்கு என்ன பெயர் என்பதையும் எழுதுங்கள். இந்தப் புத்தகங்களைச் சேர்க்கிற யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம்.